சத்தம் வரட்டும், பார்க்கலாம்: ஷாக் அப்சார்பர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பிரேக் பேட் தேய்ந்தால் கிரீச்சிடும். பேட்டரி போனால் வண்டி கிளம்பாது. ஷாக் அப்சார்பர் இப்படி எதையும் காட்டிக்கொள்ளாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், அவ்வளவுதான். ஓட்டுகிறவரும் தன்னையறியாமல் வளைவில் சற்று மெதுவாகத் திரும்புவார், பிரேக்கைச் சற்று முன்னதாகவே மிதிப்பார். "என் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று அவர் சொல்வது பொய்யில்லை, பழகிவிட்டது. அதே வண்டியை எப்போதாவது எடுக்கும் தம்பியோ நண்பரோ "என்ன இது, படகு மாதிரி ஆடுதே" என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி.

ஷாக் அப்சார்பர் சொகுசுக்காக மட்டும் இருக்கிறது என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் அது மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ஆயில். பிஸ்டன் நகரும்போது ஆயில் சின்னச் சின்ன வால்வுகள் வழியாகத் திணறித்தான் போக முடியும். துள்ளலின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறிவிடும். மோசமான சாலையில் ஓடி வந்த நல்ல ஷாக்கைத் தொட்டால் சூடாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்த அடக்கும் சக்தி குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது இடுப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் பாதிக்கப்படுவது டயரின் பிடி. மேடுபள்ளத்தில் டயர் தரையைவிட்டு எழும்பும் அந்தக் கணத்தில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் பிடிப்பு கிடையாது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே என்றால், அதுவும் டயர் தரையில் இருந்தால்தான் உதவும். சீட் மெத்தென்றுதானே இருக்கிறது என்று விட்டுவிடுவது ஆபத்தாக முடிவது இதனால்தான்.

சரி, வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது, ஷாக் போய்விட்டதா? அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. எடையைத் தாங்குவது ஸ்பிரிங் என்பதால், தளர்ந்ததோ உடைந்ததோ அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, சத்தத்துக்காகக் காத்திருப்பது. 'டொக் டொக்' என்று அடியில் கேட்டால் உடனே ஷாக்கை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சத்தம் பல நேரம் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கை மேலே பாடியோடு இணைக்கும் பகுதி) இவற்றில் ஏதாவது ஒன்றிலிருந்து வரும். இதில் வேடிக்கை, நல்ல ஷாக்கைக் கழற்றிப் போட்ட பிறகும் சத்தம் தொடரும். உண்மையாகவே செத்துப்போன ஷாக்கோ இன்னொரு வண்டியில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பானெட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை எல்லோருக்கும் தெரியும். அழுத்தி விட்டதும் எழும்பி, உடனே நின்றுவிட்டால் 'பாஸ்'. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் முடிந்துவிட்டது என்று தாராளமாக நம்பலாம். ஆனால் ஆடவில்லை என்பதற்காக நிம்மதியாகப் போய்விடக் கூடாது. கையால் அழுத்தும் வேகமும் சாலையில் சக்கரம் துள்ளும் வேகமும் ஒன்றல்ல. அதுவும் இறுக்கமான சஸ்பென்ஷன் உள்ள இன்றைய கார்களில் பாதி தேய்ந்த ஷாக்கும் இதில் தேறிவிடும்.

இதைவிட நான் நம்புவது டயரை. வண்டியை நிறுத்தி, டயரின் தரையில் படும் பரப்பில் உள்ளங்கையை வைத்து, வட்டமாக மெதுவாகத் தடவிப் பாருங்கள். கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு இடம் மேடு, அடுத்த இடம் பள்ளம், மறுபடி மேடு என்று அலை அலையாகக் கையில் பட்டால், அந்தச் சக்கரம் சாலையில் உருளாமல் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது. சக்கரத்தின் எடைச் சமநிலை, அதாவது பேலன்சிங், தவறினாலும் இப்படித் தேயும் என்பதால் அதையும் சரிபார்க்க வேண்டும். டயர் ஓரம் மட்டும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகம் அலைன்மென்ட் மேல், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தின் மேல், போகட்டும். அப்புறம், காற்று அளவு. அதிகக் காற்று அடைத்த டயரும் துள்ளும்; ஷாக்கைக் குறை சொல்லும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை எளிமையானவை. பிரேக் அடித்தால் வண்டி மூக்கைக் குத்துகிறதா, வேகத்தடையைத் தாண்டிய பிறகும் பின்பக்கம் ஆடுகிறதா, பக்கக் காற்றில் அலைபாய்கிறதா. பக்கத்தில் வேறு வண்டியில் வருபவரைச் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஷாக் தளர்ந்திருந்தால், பாடி அமைதியாக இருக்க, சக்கரம் மட்டும் கிடுகிடுவென நடுங்கும்.

கசிவு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஷாக்கின் மேல்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். அதற்காக மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் ஒழுகி, தூசி அதில் அப்பிக் கருப்புக் களிம்பாகக் கீழ்வரை இறங்கியிருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. தூசி படாமல் மூடியிருக்கும் டஸ்ட் கவரை மேலே தள்ளி, பிஸ்டனோடு இணைந்த ராடில் கீறலோ துருப்புள்ளியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சீலைக் கிழிப்பது பல நேரம் அதுதான். மறுபுறம், காய்ந்து சுத்தமாக இருக்கும் ஷாக் நல்ல ஷாக் என்றும் சொல்ல முடியாது. உள்ளே வால்வு தேய்ந்தால் வெளியே ஒரு சொட்டும் வராது.

கிலோமீட்டரை மட்டும் நம்புவது இன்னொரு பழக்கம். 80,000 கிலோமீட்டரில் மாற்றலாம் என்ற பொதுவான கணக்கு உண்டு. நல்ல சாலையில் ஓடும் கார் அதைத் தாண்டியும் போகும். குண்டும் குழியுமான சாலையில் முழுப் பாரத்தோடு ஓடுவது பாதியிலேயே கேட்கும். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதித்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். ஒரே அச்சின் இருபுறத்தையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாக வண்டி நடந்துகொள்ளும். கழற்றிய கையோடு பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவர், ஸ்ட்ரட் மவுண்ட் மூன்றையும் பார்த்துவிடலாம். புது ராடைக் கட்டிங் பிளேயரால் பிடித்து நட்டை முறுக்குவதைக் கண்டால் தடுத்துவிடுங்கள். அந்தக் கீறலே நாளைய கசிவு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டி தரையில் நின்ற பிறகுதான். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் வகையாக இருந்தால் வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடும்போது ஒரு 'ஹூம்' சத்தம் கேட்டால் பதறி மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஏற்கெனவே அலை அலையாகத் தேய்ந்த டயர், ஷாக் புதிதானாலும் அப்படித்தான் முனகும். அந்த டயரை மாற்றும்வரை அது போகாது.