முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அக்குபஞ்சர் படித்து முடித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து பழகுகிறார்கள். ஒருமுறை போட்டு எடுத்த ஊசியை மறுபடி பயன்படுத்தக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடலாம். அவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். முக்கால்வாசி நானும் சறுக்கிய இடங்கள்தான்.

எல்லா முட்டி வலியும் தேய்மானம் இல்லை

இடுப்பு மூட்டு கெட்டிருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். அதனால் படுக்க வைத்து இடுப்பையும் அசைத்துப் பாருங்கள். முட்டி திடீரென்று வீங்கிச் சிவந்து சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது என்றால் ஊசியை எடுக்கவே வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

முட்டிக் குழியில் ஆழம் பார்ப்பது

காலை மடக்கினால் முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழும். வயிற்றுப் பாதை என்று அக்குபஞ்சரில் பெயர் வைத்திருக்கும் புள்ளி வரிசையின் 35ஆம் புள்ளி வெளிப்பக்கக் குழியில் இருக்கிறது. அங்கே ஊசி அதிகம் இறங்கினால் மூட்டுக்குள்ளேயே போய்விடும். கூடவே கிருமி போனால் மூட்டில் சீழ் வைக்கும். சற்றுக் கீழே, 36ஆம் புள்ளியில் சதை தாராளம். இரண்டுக்கும் ஒரே ஆழம் வைப்பது சோம்பேறித்தனம்.

வலி விட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

இட்லிக் கடை நடத்தும் ஒரு அக்கா, நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். சில சிட்டிங்கிலேயே வலி நன்றாகக் குறைந்துவிட்டது. ஊசி போட்ட பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இனிமே நீங்க ஃப்ரீயா நடக்கலாம்க்கா" என்று அனுப்பிவிட்டான். அவர் நேராகப் பழனிக்குப் போய்ப் படியேறி இறங்கிவிட்டு, முட்டி வீங்கி வந்து நின்றார். "வேண்டுதல் தம்பி, வலிதான் இல்லையே." அந்த அக்கா மேல் என்ன தப்பு? பையன் என்ன செய்தான் தெரியுமா? கூட நாலு ஊசி போட்டான்.

முட்டி வலிக்க ஆரம்பித்ததும் ஆள் அந்தக் காலைக் காபந்து செய்து நடப்பார். தொடையின் முன்பக்கத் தசை வேலை இல்லாமல் மெலியும். அது தாங்க வேண்டிய பாரம் மூட்டில் இறங்கும், வலி இன்னும் கூடும். ஊசியால் வலி குறையும் சில வாரங்கள் இந்தச் சுற்றை அறுக்கக் கிடைக்கும் அவகாசம். அதில் தசைக்கு வேலை கொடுக்காமல் அனுப்பினால் பழைய முட்டிதான் திரும்பி வரும். ஜெர்மனியில் நடந்து 2005இல் வெளியான ஒரு ஆய்வில், 8 வாரத்தில் போலி ஊசியைவிட (புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது) நிஜ ஊசி தெளிவாக நல்ல பலன் காட்டியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது.

பெரிய பயிற்சியெல்லாம் தேவையில்லை. துண்டை உருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தச் சொல்லுங்கள். ஊசி செருகியபடி இருக்கும்போது அல்ல, எடுத்த பிறகு, உங்கள் கண்முன்னால் செய்ய வைக்க வேண்டும். "வீட்டில் செய்யுங்கள்" என்று வாயால் சொன்னால் யாரும் செய்வதில்லை. உடல் எடை கூடியவரென்றால் அதையும் கூச்சப்படாமல் பேசுங்கள்: ஒரு கிலோ குறைந்தால், வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது.

புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போவது

வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பதுதான் உங்கள் வேலை.

"ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு" என்று அடித்துவிடுவது

எந்த ஆராய்ச்சி? 2006இல் ஜெர்மனியிலிருந்தே இன்னொன்று வந்தது, ஆயிரம் பேருக்கு மேல். நிஜப் புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கும், புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 51 சதவீதம் பேருக்கும் நல்ல பலன். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 29. இதில் நமக்குச் சாதகமும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. அமெரிக்க வாத நோய் மருத்துவர் அமைப்பு 2019இல் அக்குபஞ்சரை நிபந்தனையோடு பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு இதைத் தர வேண்டாம் என்றது.

ஆகவே முதல் நாளே, பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: வலி குறைய வாய்ப்பு உண்டு, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. ஆறேழு சிட்டிங்கில் அசைவே இல்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள், அடுத்த தேதி குறிக்காதீர்கள்.