வீட்டில் செய்த பழைய ஹாம் டிரான்ஸ்மிட்டர்: வரலாறு தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பெனி ரேடியோ என்றால் மாடல் எண், சீரியல் எண், பழைய விளம்பரம் என்று ஏதாவது ஒரு தடயம் கிடைத்துவிடும். ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக வானொலி அலையில் பிறரோடு தொடர்புகொள்பவர், தன் கையால் செய்த டிரான்ஸ்மிட்டருக்கு (அலையை அனுப்பும் கருவிக்கு) இவை எதுவும் கிடையாது. அதன் வரலாற்றில் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1930களிலிருந்து 1950கள் வரை செய்யப்பட்ட வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன் இருந்த எலக்ட்ரான் குழாய்) செட்களை வைத்து இதைச் சொல்கிறேன்.

கிடைத்த அன்றே துடைத்துப் பளபளப்பாக்குவது மிக மோசமான தவறு. டயல் பக்கத்தில் பென்சிலால் எழுதிய அலைவரிசை எண்கள், சேஸிஸின் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) அடியில் கிறுக்கிய தேதி, ஒட்டிய காகிதத் துண்டு எல்லாம் ஒரு ஈரத்துணியில் போய்விடும். முதலில் மேல், கீழ், பின்புறம் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்.

உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. பழைய ஃபில்டர் கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். செட்டின் வயதைச் சொல்லக்கூடிய முக்கியமான பாகம் அந்த டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே ஓடுவது பல நூறு வோல்ட், ஆளையே கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அடிப்பக்கம் கை வைக்காதீர்கள்.

அடுத்தது, வால்வைப் பார்த்து வயது சொல்வது. 6எல்6 வால்வை ஆர்சிஏ கம்பெனி 1936-இல் கொண்டுவந்தது, அதனால் செட்டும் 1936 என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வால்வு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கடைகளில் கிடைத்தது. அதோடு, வால்வைக் கழற்றி மாற்ற ஒரு நிமிஷம் போதும். சாலிடர் வைத்த பாகங்கள்தான் நம்பகமானவை. வால்யூம் கண்ட்ரோல், டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றில் ஆறு இலக்க எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 137624 என்றால், 137 என்பது சிடிஎஸ் கம்பெனி, 6 ஆண்டின் கடைசி இலக்கம், 24 என்பது வாரம். அது 1946-ஆ 1956-ஆ என்று எண் சொல்லாது, சுற்றியுள்ள பாகங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். இருப்பதிலேயே புதிய பாகம் எதுவோ, அதற்கு முன் செட் முடிந்திருக்காது. ஆனால் அந்தப் பாகம் பின்னால் ரிப்பேரில் போட்டதா என்று முதலில் பாருங்கள். துணி சுற்றிய வயர்களுக்கு நடுவே ஒரே ஒரு பிளாஸ்டிக் வயர், டெர்மினலில் வெட்டிவிட்ட பழைய கம்பியின் மிச்சம் இவை ரிப்பேரின் அடையாளங்கள்.

பலர் கவனிக்காமல் விடுவது காயில்களை. மாற்றிச் செருகும் காயில்களில் பேண்ட் (அலைவரிசைப் பகுதி) பெயர் எழுதியிருப்பார்கள். அமெரிக்க ஹாம்களுக்கு 5 மீட்டர் பேண்ட் 1946 வரைதான் இருந்தது, அந்த வருஷம் அதன் இடத்துக்கு 6 மீட்டர் வந்தது. 15 மீட்டர் 1952-இல்தான் திறந்தது. ஒரே செட்டோடு 5-ம் 15-ம் கிடைத்தால், அந்த மனிதர் அதைப் பல வருஷம் திருத்தித் திருத்தி ஓட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ‘எந்த வருஷம் செய்தது’ என்ற கேள்விக்கு இப்படிப்பட்ட செட்டில் ஒற்றை விடை கிடையாது. சேஸிஸில் காரணமில்லாமல் நிற்கும் ஓட்டைகளும் அதையே சொல்லும், அவை முன்பு அதில் இருந்த இன்னொரு சர்க்யூட்டின் ஓட்டைகளாக இருக்கலாம்.

ராணுவ முத்திரை உள்ள பாகம் இருந்தால் ராணுவ செட் என்று நினைக்காதீர்கள். 1945-க்குப் பிறகு உபரிச் சாமான்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. இந்தியாவிலும் ஹாம்கள் அந்த டிஸ்போசல் சாமான்களை வாங்கி செட் செய்தார்கள்.

அமெரிக்க ஹாம் சங்கத்தின் பழைய கியூஎஸ்டி இதழில் அதே சர்க்யூட் கண்ணில் பட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இதழின் தேதி செட்டின் தேதி ஆகிவிடாது, பத்து வருஷம் கழித்தும் ஒருவர் அதைப் பார்த்துச் செய்திருக்கலாம்.

பேனலில் கால்சைன் (ஹாமுக்கு அரசு கொடுக்கும் அடையாளக் குறி) இருந்தால் ஒரே ஒரு வருஷத்து கால்புக்கை (கால்சைன்களும் அவற்றுக்கு உரியவர்களின் பெயரும் முகவரியும் உள்ள புத்தகம்) பார்த்துவிட்டு ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒருவர் விட்ட கால்சைனை இன்னொருவருக்குக் கொடுப்பது வழக்கம். கால்சைனில் உள்ள வட்டார எண்களும் மாறியிருக்கின்றன: அயோவா மாநிலம் இரண்டாம் உலகப் போருக்கு முன் டபிள்யூ9, 1946-இல் டபிள்யூ0 ஆனது. டபிள்யூ, கே என்ற முன்னெழுத்துகளே 1928 அக்டோபரில்தான் வந்தன. ஸ்கேன் செய்த பழைய கால்புக்குகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன, வரிசையாகப் பல வருஷங்களைப் பாருங்கள். அப்புறம், கால்சைன் வைத்திருந்தவரே செட்டைச் செய்தவர் என்றும் சொல்ல முடியாது, விலைக்கு வாங்கியிருக்கலாம்.

குடும்பத்தார் சொல்லும் கதையை அப்படியே எழுதிவிடவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். “தாத்தா இதில்தான் ஆஸ்திரேலியாவோடு பேசினார்” என்கிறார்கள், ஆனால் செட்டில் மைக் இணைப்பே இல்லை, மோர்ஸ் கீ மட்டும்தான். உடனே கதை பொய் என்று எழுதாதீர்கள். பின்புறம் மாடுலேட்டருக்கான (பேச்சை அலையில் ஏற்றும் பகுதி) இணைப்பு இருக்கிறதா பாருங்கள், மாடுலேட்டரைத் தனிப் பெட்டியாகச் செய்வது அன்று சாதாரணம். அவருடைய லாக் புத்தகம் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் நோட்டு) வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் அனுப்பிய கியூஎஸ்எல் கார்டுகளோ (தொடர்பு நடந்ததை உறுதிசெய்யும் தபால் அட்டைகள்) எதிர்முனையில் இருந்தவர்களிடம் போயிருக்கும், அதனால் பழைய கார்டு சேகரிப்பாளர்களிடம் அந்த கால்சைனைச் சொல்லி விசாரியுங்கள். எந்த வால்வு, எத்தனை வாட் என்று கார்டிலேயே எழுதும் பழக்கம் இருந்தது. அது உங்கள் கையில் உள்ள பெட்டியோடு ஒத்துப்போனால், தேதியும் அந்தக் கார்டிலேயே இருக்கும்.