கடல்தண்ணி பம்பு: இம்பெல்லரை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள்

"தம்பி, இம்பெல்லர் போன மாசம்தான் மாத்துனேன், மறுபடியும் சூடு ஏறுது." பினாங்குத் தீவின் தெலுக் கும்பாரில் படகு வைத்திருக்கும் ஓர் அண்ணன் என்னிடம் இப்படித்தான் ஆரம்பித்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்தண்ணி பம்பைத் திறந்தால் இம்பெல்லர், அதாவது உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரம், புத்தம் புதிது. மூடித் தகட்டின் உள்பக்கத்தில்தான் இசைத்தட்டு மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள், நகம் மாட்டும் அளவுக்கு ஆழம். அந்தப் பள்ளத்தின் வழியாகவே தண்ணீர் பின்னுக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை புது இம்பெல்லர் போட்டாலும் அந்தத் தகடு இருக்கும்வரை சூடு இறங்காது.

படகுக்குள்ளேயே பொருத்திய (இன்போர்டு) டீசல் எஞ்சினில் உள்ள கடல்தண்ணி பம்பு மிக எளிய பொருள்தான். வட்டமான வீட்டுக்குள் (பம்பின் உலோகக் கூடு) ரப்பர் இறக்கைகள் சுற்றும், ஒரு பக்கம் கேம் என்ற மேடு இருக்கும், இறக்கை அந்த மேட்டில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது விரியும். விரியும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், மடங்கும் இடத்தில் வெளியே தள்ளப்படும். ரப்பர் நுனி சுவரையும், ரப்பரின் இரு பக்கங்கள் முன்தகட்டையும் பின்தகட்டையும் ஒட்டி உரசிக்கொண்டே இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். அதனால் தேய்வது ரப்பர் மட்டும் இல்லை, அது உரசும் எல்லாமே தேயும்.

நம் பினாங்கில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஓடும் தண்ணீர் சேறும் வண்டலும் கலந்தது, வற்றம் இறங்கும் நேரத்தில் ஜெட்டியை விட்டுக் கிளம்பினால் எஞ்சின் குடிப்பது பாதிக் குழம்பு. உப்புக்காகிதம் தேய்ப்பதுபோல அது பம்பின் உள்ளே தேய்த்துக்கொண்டே போகும். இங்கே கடல்நீரின் வெப்பமும் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும், குளிர்நாட்டுக் கடலில் ஓடும் எஞ்சினுக்கு இருக்கும் தாராளம் நமக்குக் கிடையாது. பம்பு கொஞ்சம் சோர்ந்தாலே மீட்டர் முள் அதைச் சொல்லிவிடும்.

முதலில் பம்பையே சந்தேகப்படாதீர்கள். எக்ஸாஸ்டில் (புகையோடு பம்பின் தண்ணீரும் வெளியேறும் குழாய்) தண்ணீர் குறைந்தால் ஸ்ட்ரெய்னர் (உள்ளே வரும் கடல்நீரை வடிகட்டும் சல்லடை) மூடியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் பை, ஜெல்லி மீன், கடற்பாசி, மூன்றும் நான் எடுத்திருக்கிறேன். அப்புறம் சீகாக் (கடல்நீரை படகுக்குள் விடும் வால்வு) முழுதாகத் திறந்திருக்கிறதா, படகின் அடியில் தண்ணீர் நுழையும் துளையில் சிப்பி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று இழுத்தாலும் இதே அறிகுறிதான். இதெல்லாம் சரி என்றால், பம்பிலிருந்து வெளியே போகும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளியில் விட்டு, எஞ்சினைப் பத்தே விநாடி ஐடிலில் ஓட்டுங்கள். சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையோ சட்டைக் கையோ போகக் கூடாது. வாளியில் தண்ணீர் நன்றாகக் கொட்டி, எக்ஸாஸ்டில் மட்டும் குறைவாக வந்தால் அடைப்பு பம்பைத் தாண்டி ஹீட் எக்ஸ்சேஞ்சரிலோ (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பாகம்) எக்ஸாஸ்ட் எல்போவிலோ (புகைக்குழாயின் வளைவு) இருக்கிறது. வாளியிலேயே சோனியாக வந்தால் பம்பைத் திறக்கலாம். எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலேயே எக்ஸாஸ்ட் தண்ணீர் எப்படி வருகிறது என்று கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

திறக்கும் முன் பம்பின் வெளிப்பக்கத்தை டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். பம்பின் கழுத்துப் பகுதியில், அடிப்பக்கமாக, ஒரு சின்னத் துளை இருக்கும். வீப் ஹோல் என்பார்கள். உள்ளே கசிவைத் தடுக்கும் வளையங்கள், அதாவது சீல்கள், இருக்கும்: தண்ணீர் சீல் ஒன்று, எண்ணெய் சீல் அல்லது பேரிங் சீல் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்தான் இந்தத் துளை வழியாக வெளியே மூச்சு விடுகிறது. துளையின் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் சீல் போய்விட்டது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எண்ணெய் சீல் போய்விட்டது. துளைக்குக் கீழே எஞ்சினில் வழிந்த துருக்கோடும் அதே கதையைத்தான் சொல்லும்.

இந்தத் துளையை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு படகில், சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறதே என்று முன்னால் வேலை பார்த்தவர் எபாக்ஸி வைத்து அடைத்திருந்தார். பம்பு கியரில் ஓடுவது, அதாவது பின்பக்கம் நேராக எஞ்சினுக்குள் இருக்கிறது. வெளியேற வழியில்லாத கடல்நீர் எண்ணெய் சீலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தபோது எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் நுரைத்து வந்தது. அப்படிப் பார்த்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், பம்பைக் கழற்றி, அன்றைக்கே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, சரிசெய்த பம்பை மாட்டிக் கொஞ்சம் ஓட்டி, நிறம் தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஓர் இரவு உள்ளே விட்டால்கூட பேரிங்குகளில் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

பெல்ட் பம்பாக இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் போச்சு. கையால் மெதுவாகச் சுற்றும்போது மணல் அரைப்பதுபோல் கரகரத்தாலும் அதேதான். பம்பைச் சுற்றி கறுப்புத் தூள் பறந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது அல்லது புல்லி கோணலாக நிற்கிறது.

இப்போது சீகாக்கை மூடுங்கள். மூடியதும் எஞ்சின் சாவியைக் கழற்றி சீகாக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் புது இம்பெல்லர் ஒரே நிமிடத்தில் கருகும், அதற்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தண்ணீரிலிருந்துதான் வருகிறது.

மூடித் தகட்டின் ஸ்க்ரூக்களை எடுத்ததும் ஒரு படம் எடுங்கள், இறக்கைகள் எந்தப் பக்கம் மடங்கியிருக்கின்றன என்று தெரியும். இம்பெல்லரை வெளியே எடுக்க அதற்கான புல்லர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நடுக்குடத்தை (தண்டில் மாட்டும் மையப் பகுதி) இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். சில மாடல்களில் இம்பெல்லரை ஒரு திருகு பிடித்திருக்கும், அதை முதலில் பாருங்கள். இரண்டு ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பும் பழக்கத்தை நான் விட்டுப் பல வருடமாகிறது, வெண்கல விளிம்பில் விழும் ஒரு கீறல் போதும், அந்த இடத்தில் மூடி ஒருபோதும் சரியாக உட்காராது.

எடுத்த இம்பெல்லரின் ஒவ்வோர் இறக்கையையும் விரலால் முழுக்க மடக்கி, அடிவேரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். சும்மா பார்த்தால் தெரியாது, மடக்கினால்தான் வாய் திறக்கும். இறக்கைகள் ஒரே பக்கமாக வளைந்து நிமிராமல் நின்றாலும், நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பலர் விட்டுவிடும் ஒன்று: நடுக்குடத்தை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து ரப்பரை மறு கையால் திருகிப் பாருங்கள். ரப்பர் தனியாகச் சுழன்றால் ஒட்டு விட்டுவிட்டது. வெளிப்பார்வைக்கு அருமையாக இருக்கும், ஆனால் ஷாஃப்ட் (பம்பின் தண்டு) மட்டும் சுற்றும், ரப்பர் நிற்கும்.

இறக்கை உடைந்திருந்தால் துண்டுகளை மேசைமேல் வைத்து முழு வடிவத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது எங்கோ உள்ளே இருக்கிறது. தண்ணீர் போகும் வழியில் முதலில் வரும் கூலரைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் கியர்பாக்ஸ் எண்ணெய்க் கூலரின் வாயில் அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவுப் பக்க மூடிக்குள் குழாய்களின் முகத்தில் அப்பிக்கொண்டிருக்கும். இதைச் செய்யாமல் புது இம்பெல்லர் போட்டு அனுப்பியவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அடுத்து வீடு. மூடித் தகட்டின் உள்முகத்தில் நகத்தை ஓட்டுங்கள். லேசான கோடு என்றால், ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர்க் காகிதத்தை (நனைத்துத் தேய்க்கும் உப்புக்காகிதம்) விரித்து, 400 நம்பரில் தொடங்கி 600-இல் முடித்து, எட்டு போடுவதுபோல் தேய்த்தால் சமமாகிவிடும். நகம் மாட்டினால் புதுத் தகடு. கடல் நடுவில் மாட்டிக்கொண்டால் தகட்டைத் திருப்பிப் போட்டு கரை வந்து சேரலாம், எழுத்துப் பொறித்த பக்கம் உள்ளே வந்தாலும் தற்காலிகத்துக்குப் பரவாயில்லை. பின்னால் உள்ள தேய்மானத் தகடும் அப்படியே கோடு விழும், அதைச் சிலர் எடுத்துப் பார்ப்பதே இல்லை. கேமின் மேடு தேய்ந்து தட்டையானால் இறக்கை போதிய அளவு மடங்காது, உறிஞ்சும் பலம் போய்விடும். உட்சுவரில் பள்ளம் விழுந்திருந்தாலோ, உலோகம் செம்பு நிறத்தில் வெளுத்து, கத்தியால் கீறினால் பொடியாக உதிர்ந்தாலோ அந்த பம்பை மேற்கொண்டு பழுது பார்க்காதீர்கள். துத்தநாகம் கரைந்து போன பித்தளை அது, எந்த நேரமும் உடையும்.

சீல் மாற்ற வேண்டியிருந்தால் பம்பை எஞ்சினிலிருந்து கழற்றி மேசைக்குக் கொண்டு வாருங்கள், பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) குனிந்துகொண்டு செய்யும் வேலை இல்லை. சர்க்கிளிப்பை (பூட்டு வளையம்) எடுத்து, ஷாஃப்டையும் பேரிங்கையும் பிரஸ்ஸில் தள்ளி எடுக்க வேண்டும். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும், 6203 2ஆர்எஸ் என்பதுபோல. அந்த எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், எஞ்சின் கம்பெனி பெட்டியில் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு சீல்களுக்கு நடுவே ஷாஃப்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருந்தால் அதைத் தொலைக்காதீர்கள். கசியும் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக பேரிங்குக்கு ஓடிவிடாமல் உதறி விடுவது அதுதான்.

ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தைத் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது ஷாஃப்ட் வேண்டும். பழைய பள்ளத்தில் புது சீல் போட்டால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும், உப்புப் பூக்கும், நீங்கள் சீலைத் திட்டுவீர்கள். ஷாஃப்ட் கிடைக்காத பழைய மாடல் என்றால் பட்டர்வொர்த் பக்கத்து பிறை ஊரில் ஒரு நல்ல லேத் கடையில் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து வாங்கலாம், மாதிரிக்குப் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சீல் மாட்டும்போது உதட்டின் திசையைக் கவனியுங்கள்: தண்ணீர் சீலின் உதடு தண்ணீரைப் பார்க்க வேண்டும், எண்ணெய் சீலின் உதடு எண்ணெயைப் பார்க்க வேண்டும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? சீலும் இம்பெல்லரும் மட்டும் என்றால் யோசிக்காமல் பழுது பாருங்கள். ஷாஃப்ட், பேரிங், கேம், தகடு எல்லாம் போயிருந்தால் கூட்டிப் பாருங்கள், புது பம்பின் விலையை நெருங்கிவிடும். அப்போது புதிது வாங்கி, பழையதின் வீடு நன்றாக இருந்தால் மெதுவாகச் சரிசெய்து படகில் உபரியாக வையுங்கள். அலையில் ஆடிக்கொண்டு இம்பெல்லர் மாற்றுவதைவிட முழு பம்பை மாற்றுவது பல எஞ்சின்களில் சுலபம். வாங்கும்போது யன்மார், வோல்வோ என்று எஞ்சின் பெயரை மட்டும் சொல்லாமல் பம்பின் தகட்டில் உள்ள எண்ணைச் சொல்லுங்கள். சுற்றும் திசை, ஹோஸ் வாயின் அளவு, பின்பக்கம் கியரா நாக்கா (எஞ்சின் பள்ளத்தில் பொருந்தும் தட்டை முனை) புல்லியா, போல்ட் துளைகளின் இடைவெளி, நான்கும் பொருந்த வேண்டும்.

மாட்டும் நேரம். மூடிக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள பழைய கேஸ்கெட் காகிதத்தை முழுதாகச் சுரண்டி எடுங்கள். புதியது பழையதின் தடிமனிலேயே இருக்கட்டும். தடித்த காகிதம் போட்டால் இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவில் சந்து விழுந்து உறிஞ்சாது, சிலிக்கானை அள்ளிப் பூசினாலும் அதே பிரச்சினை. இம்பெல்லருக்கு கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் திரவம் தடவுங்கள், எஞ்சின் கிரீஸ் வேண்டாம், இம்பெல்லரின் நியோப்ரீன் ரப்பர் ஊதிவிடும். இறக்கைகளை ஒரு கேபிள் டையால் இறுக்கி, சுற்றும் திசையில் திருகிக்கொண்டே உள்ளே தள்ளினால் டை தானாக வெளியே நழுவி வரும், அதை வெட்டி எடுங்கள். பம்பை எஞ்சினில் வைக்கும்போது நாக்கு பொருந்தாவிட்டால் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், சுத்தியல் எடுக்காதீர்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அதிகம் இறுக்கினால் புது பேரிங்கைத்தான் கொல்கிறீர்கள்.

ஸ்ட்ரெய்னரில் தண்ணீர் நிரப்பி மூடுங்கள். சீகாக்கைத் திறந்து, அங்கே தொங்கும் சாவியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் எக்ஸாஸ்ட் பக்கம் நிற்கட்டும். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வராவிட்டால் உடனே அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

தண்ணீர் வந்தால், ஜெட்டியிலேயே கட்டி வைத்தபடி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டை ஒரு முறை சரிபார்த்து, காய்ந்த டிஷ்யூவை வீப் ஹோலுக்கு அடியில் ஒற்றி எடுங்கள். டிஷ்யூ காய்ந்தே வந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்.