திருகோணமலைக் கடற்காற்றில் ஹாம் ரேடியோ கோபுரம்

பொழுதுபோக்கு வானொலியான ஹாம் ரேடியோவுக்குக் கோபுரம் நடுவதானால், முதலில் மின்கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். கோபுரமும் அன்டெனாவும் சேர்ந்த உயரத்தைப்போல ஒன்றரை மடங்காவது தள்ளி நடுங்கள், சரிந்தாலும் கம்பியில் படக்கூடாது.

கோபுரத்தைச் சரியாமல் இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகள் மூன்று திசையிலும், 120 பாகை இடைவெளியில்.

இங்கே பெரிய எதிரி உப்புக்காற்றுதான். துத்தநாகம் பூசிய இழுகம்பியானாலும் கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் துரு ஏறும், அதனால் ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு கிளாம்பையும், கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஓர் இழை அறுந்திருந்தாலும் கிறீஸ் பூசிச் சமாளிக்காமல் கம்பியையே மாற்றிவிடுங்கள்.

ஏறுமுன் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். முழு உடல் பாதுகாப்புப் பட்டியும் இரண்டு கொக்கிக் கயிறும் வேண்டும், ஒன்றைக் கழற்றும்போது மற்றது கட்டாயம் மாட்டியிருக்கட்டும். கீழே நிற்பவருக்கும் ஹெல்மெட் கொடுங்கள். அப்புறம், தூரத்தில் இடி கேட்டாலும் அன்றைக்கு ஏறவே வேண்டாம்.