மூத்திரத்தில் ரத்தம் வந்து நின்றுவிட்டதா? சிறுநீரகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வது எப்படி

மூத்திரம் சிவந்தால் குமரி மாவட்டத்தில் முதலில் சொல்வது "சூடு", அடுத்தது "கல்லு". இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடித்து இரண்டு நாளில் தெளிந்தால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சிறுநீரகக் கட்டியின் ரத்தமும் தானாக நிற்கும். மாதங்கள் கழித்துத் திரும்பும். கல் என்றால் பெரும்பாலும் விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி இருக்கும். வலியே இல்லாமல் சிவப்பாகவோ கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்திலோ போனால், ஒரே தடவை என்றாலும் பார்க்க வேண்டும். நீளமாக, புழுப்போல ரத்தக்கட்டி விழுந்தால் ரத்தம் சிறுநீரகத்திலிருந்தோ அதன் குழாயிலிருந்தோ வருவதாகக் கொள்ளலாம்.

முதலில் சிறுநீர்ச் சோதனை. பீட்ரூட்டும், காசநோய் மாத்திரை ரிஃபாம்பிசினும் நிறத்தை மாற்றும். ரத்த அணு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களும் அதன்மேல் பழியைப் போட்டுச் சோதனையைத் தள்ளக்கூடாது.

பிறகு அல்ட்ராசவுண்ட். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கட்டும், காலியாக இருந்தால் அதிலுள்ள கட்டி சரியாகத் தெரியாது. 3 செ.மீ.க்குக் குறைந்த சிறுநீரகக் கட்டி இதில் தப்பலாம். "சாதாரண நீர்க்கட்டி" என்று வந்தால் பயம் வேண்டாம், வயதானவர்களுக்குச் சகஜம். உள்ளே தடுப்போ திடப்பகுதியோ இருந்தால் சிடி ஸ்கேன் தேவை.

பலர் ஏமாறுவது சிடியில்தான். கல்லுக்காக எடுக்கும் சாதா சிடியில் சாயமருந்து ஏற்றுவதில்லை. சிறு கட்டி சுற்றியுள்ள திசுவோடு கலந்துபோகும். ஆகவே சாயமருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடிதானா என்று கேளுங்கள். அதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தச் சோதனை பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரை எடுப்பதையும் பழைய அலர்ஜியையும் சொல்லிவிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கும் கையில் இருக்கட்டும்.

யாருக்கு ஆபத்து கூடுதல்? புகைப்பவர்கள், உடல் பருத்தவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள். பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் இரு மடங்கு. பல வருடம் டயாலிசிஸில் இருப்பவர்களும் இதில் சேர்த்தி. குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, கட்டி 46 வயதுக்குள் வந்தாலோ, இரு சிறுநீரகத்திலும் இருந்தாலோ மரபணு ஆலோசனை கேட்கலாம். கருவாடும் ஊறுகாயும் தினமும் சேர்ந்தால் உப்பு ஏறும், அழுத்தமும் ஏறும். தலை சுற்றவில்லை என்பதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு.

4 செ.மீ.க்குள் அகப்பட்ட கட்டியைப் பெரும்பாலும் தனியாக வெட்டியெடுத்து மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். முழுதாக எடுக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் பாதி போதாது என்று சர்ஜனிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.