மனைவியின் 40 கிரெடிட்டில் என் மெடிகேர்

2024 மார்ச்சில் எனக்கு 65 முடிந்தது. வங்கி வேலையை விட்டு 2018-இல்தான் நியூஜெர்சிக்கு வந்தேன். இங்கே ஒரு கடையில் கணக்கு எழுதியதில் என் பெயரில் ஏறியது 9 கிரெடிட், அதாவது சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்துக்கு வரி கட்டி வேலை செய்ததற்குச் சேரும் புள்ளி. 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவ இன்சூரன்ஸ்தான் மெடிகேர். அதில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ சந்தா கட்டாமல் கிடைக்க 40 வேண்டும். வருடத்துக்கு 4-க்கு மேல் ஏறாது. நான் எங்கே போக?

நல்ல வேளை, மனைவி இங்கே 2009 முதல் நர்ஸ். அவள் கணக்கில் 40 எப்போதோ தாண்டிவிட்டது. அதை வைத்து நானும் வாங்கலாம். எனக்கு 65 ஆகியிருக்க வேண்டும், கல்யாணமாகி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அவளுக்கு 62 ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடைசியில்தான் மாட்டினேன். அவள் என்னைவிட நாலரை வயது சின்னவள். போனில் ஒருவர் அவளுக்கும் 65 ஆகணும் என்றார். தப்பு. 62-இல் அவள் பென்ஷன் வாங்க ஆரம்பித்திருக்க வேண்டும் என்பதும் தப்பு. வேலையில் இருந்துகொண்டே இருக்கலாம்.

அதுவரை பார்ட் ஏ-வைக் காசு கொடுத்தும் வாங்கலாம். 30 கிரெடிட்டுக்குக் கீழே இருந்தால் 2024-இல் மாதம் 505 டாலர், அதோடு டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யும் எடுத்தாக வேண்டும். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி தரும் இன்சூரன்ஸில் நானும் இருந்ததால் வாங்கவில்லை. அவள் வேலை செய்யும் இடத்தில் 20 பேராவது இருந்தால் இப்படிப் பொறுத்திருக்கலாம். வேலைவழி இன்சூரன்ஸ் இல்லாமல் பார்ட் பி-யைத் தள்ளிப்போட்டால் மட்டும் ஆபத்து: முழுதாகக் கழியும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சந்தாவில் 10 சதவீதம் அபராதம், பெரும்பாலும் ஆயுசுக்கும்.

முதலில் மனைவியை சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் கணக்குத் திறந்து கிரெடிட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கல்யாணச் சான்றிதழைத் தேடுங்கள். எங்களுடையது விசாவுக்காகத் திருநெல்வேலியில் பதிவு செய்து வாங்கியது. அதில் அவள் பெயருக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் இனிஷியல். சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலோ கடைசிப் பெயராக என் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று காட்ட அவளுடைய பாஸ்போர்ட்டையும் கொண்டுபோனேன். அதில் கணவர் பெயர் இருந்ததால் கவுண்டரில் இருந்த பெண் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நம் ஊர்ப் பெயர்க்காரர்கள் இதை முதல் நாளே யோசித்துவிடுவது நல்லது.

2025 ஆகஸ்டில் அவளுக்கு 62 ஆனது. பார்ட் ஏ சந்தா இல்லாமல் வந்தது. பார்ட் பி-யை இன்னும் எடுக்கவில்லை. அவள் வேலையை விட்டதும் 8 மாதத்துக்குள் எடுக்க வேண்டும். வேலைவழி இன்சூரன்ஸ் இருந்ததற்கு எல்564 படிவத்தில் அவள் ஆபீஸ் எழுதித் தர வேண்டும். வேலையை விட்ட பிறகும் சொந்தக் காசில் அதே இன்சூரன்ஸைக் கொஞ்ச காலம் தொடரும் கோப்ரா இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், அந்த 8 மாதம் அதற்காக நிற்காது.