ரீமேக்கை மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஓசூர் பக்கம் கன்னடமும் தெலுங்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரீமேக்கை எடைபோட அது பெரிய வரம். முதலில் மூலப்படம், அதுவும் டப்பிங்கில் வேண்டாம். குரல் மாறினால் நடிப்பில் பாதி போய்விடும். நாயகன் அறிமுகம், இடைவேளை, கடைசிக் காட்சி: இந்த மூன்றுக்கும் நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீமேக்கை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உடனே பார்த்தால் அடுத்த திருப்பம் முன்கூட்டியே மனதில் ஓடி, படம் இழுப்பதாகத் தோன்றும்.

உதாரணத்துக்கு, மலையாள ‘த்ரிஷ்யம்’ (2013), அதன் தமிழ் ரீமேக் ‘பாபநாசம்’ (2015) இரண்டையும் இயக்கியவர் ஜீத்து ஜோசப்தான். கடைசியில் இறந்த பையனின் பெற்றோர் முன்னால் மோகன்லால் உணர்ச்சியை அடக்கிப் பேசுகிறார். கமல் உடைந்து அழுகிறார். கதை அதேதான், குற்ற உணர்வின் கனம் மாறிவிடுகிறது. அந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு முறை, கண்களை மட்டும் பாருங்கள். பி. வாசுவின் கன்னட ‘த்ருஷ்யா’வையும் (2014) விட்டுவிடாதீர்கள்.